பேட்டரியைக் கழற்றிவிட்டு பிளேடைத் தொடுங்கள்!

சேர்வராயன் மலையடிவாரத்தில், வாணியாறு அணையை ஒட்டிக் கிடக்கும் பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் போனால் வயலில் கரும்பும் மரவள்ளியும் மஞ்சளும் தென்னையும் தெரியும். வீட்டுப் பக்கம் திரும்பினால் ஆட்டுக்கொட்டகை, கோழிக்கூண்டு, மாட்டுத் தீவனத் தொட்டிக்கு ஒரு சட்டம், வெங்காயப் பட்டறைக்கு ஒரு தடுப்பு என்று ஏதாவது ஒரு மரவேலை எப்போதும் பாதியில் நிற்கும். ஊரில் இருக்கும் ஒன்றிரண்டு மர ஆசாரிகளுக்கு வீட்டு வேலையே தலைக்கு மேல் இருக்கிறது. கொட்டகை வேலைக்கு அவர்கள் வர ஒரு மாதம் ஆகலாம். அதனால் விவசாயிகளே கருவி வாங்கி அறுக்கத் தொடங்கிவிட்டார்கள். அப்படி வீடு தேடி வரும் கருவிகளில் ஒன்றுதான் பேட்டரியில் ஓடும் மைட்டர் சா.

மரத்தைக் குறுக்கே, வேண்டிய கோணத்தில், ஒரே அழுத்தில் வெட்டித் தரும் வாள் இது. கீழே ஒரு தட்டு, பின்னால் மரத்தை அணைத்து வைக்க ஒரு தடுப்பு, மேலே கைப்பிடியோடு இறங்கும் வட்ட பிளேடு. கரன்ட் இல்லாத தோப்பிலும் கொல்லையிலும் வேலை நடக்கும் என்பது இதன் பெரிய வசதி. அந்த வசதியில்தான் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. வயர் உள்ள இயந்திரத்தில் பிளேடைத் தொடும் முன் யாரும் சொல்லாமலே பிளக்கைப் பிடுங்கிவிடுகிறோம். பேட்டரி இயந்திரத்தில் பிடுங்க வயரே இல்லை. சத்தம் நின்றதும் இயந்திரம் அணைந்துவிட்டது என்று மனம் நம்பிவிடுகிறது. ஆனால் பேட்டரி செருகியிருக்கும்வரை அது பிளக்கில் மாட்டிய இயந்திரம்தான். பிளேடை மாற்றினாலும், கோணத்தைத் திருப்பினாலும், சிக்கிய சிம்பைத் தட்டினாலும் முதல் வேலை பேட்டரியைக் கழற்றுவது. கழற்றிய பேட்டரியை மேசையிலேயே வைக்காமல் நாலடி தள்ளி வைத்துவிட்டால், பக்கத்தில் நிற்பவர் ‘உதவி’ செய்வதாக நினைத்து அதைச் செருகிவிடும் அபாயமும் இல்லை.

10 அங்குல பிளேடு நிமிடத்துக்கு 4,000 சுற்று ஓடினால் அதன் பல் நுனி மணிக்கு சுமார் 190 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. சேலம் போகும் பேருந்தைப் போல மூன்று மடங்கு வேகம். கை பட்டதை உணர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

எந்த இயந்திரத்தில் எந்த பிளேடு?

பிளேடு மாற்றுவதைப் பற்றிப் பேசும் முன் ஊர்ப்புறங்களில் சகஜமாகிவிட்ட ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். இரும்பு தேய்க்கும் கையடக்க கிரைண்டிங் மெஷினில் மரம் அறுக்கும் பல் பிளேடை மாட்டி, அது பொருந்துவதற்காகக் காப்பு மூடியையும் கழற்றிவிட்டு, கதவு நிலை முதல் தென்னை மட்டை வரை அறுக்கிறார்கள். 4 அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல் ஓடும். பல் மரத்தில் கடித்துக்கொண்டால் இயந்திரமே கையை உதறிக்கொண்டு முகத்துக்கோ தொடைக்கோ திரும்பும். அதைத் தாங்கிப் பிடிக்கும் அமைப்பு அதில் கிடையாது. அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டு மைட்டர் சாவுக்கு மாறினால் அதுவே பெரிய முன்னேற்றம்தான்.

இதே தவறு தலைகீழாகவும் நடக்கிறது. வெல்டிங் பட்டறையில் இரும்புக் குழாய் வெட்டும் கட்-ஆஃப் மெஷின் பார்ப்பதற்கு மைட்டர் சா போலவே இருக்கும். அதன் கல் பிளேடை இதில் மாட்டினால் தீப்பொறி உள்ளே தேங்கிய மரத்தூளில் விழுந்து பற்றும். பிளாஸ்டிக் மூடி உருகும். கல் உடைந்தால் துண்டுகளைத் தடுக்க இந்த மூடியால் முடியாது. மர வாளுக்கு மர பிளேடு மட்டும்தான்.

வாங்கும் பிளேடில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். விட்டம் இயந்திரத்தில் சொன்ன அளவாக இருக்க வேண்டும். நடு ஓட்டை தண்டுக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். ஓட்டை பெரிதாக இருக்கிறது என்று தகரமோ காகிதமோ சுற்றி மாட்டக்கூடாது. பிளேடில் அச்சிட்ட அதிகபட்ச சுற்று வேகம் இயந்திரத்தின் வேகத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். பற்களின் எண்ணிக்கை வேலையைப் பொறுத்தது. கொட்டகை ரீப்பருக்கு 24 முதல் 40 பல் போதும். பேட்டரியும் கூடுதல் நேரம் நிற்கும். கதவு, தேனீப்பெட்டி போன்ற நயமான வேலைக்கு 60 பல்.

பிளேடு மாற்றும் முறை

பேட்டரியைக் கழற்றிய பிறகு, பிளேடு சுற்றாமல் நிற்பதைக் கண்ணால் பார்த்து, கையில் தடித்த கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். நின்றுபோன பிளேடின் பல்லும் சதையைக் கிழிக்கும். ஆனால் அறுக்கும்போது அதே கையுறை கூடாது. துணியைப் பல் கவ்வினால் கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

கீழ் மூடியைத் தூக்கிவிட்டு, ஷாஃப்ட் லாக் பொத்தானை அழுத்தியபடி பிளேடை மெதுவாகக் கையால் சுற்றினால் ஓரிடத்தில் தண்டு பூட்டிக்கொள்ளும். பிறகு நடு போல்ட். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். பெரும்பாலான மைட்டர் சாக்களில் அந்த போல்ட்டுக்கு இடது மரை. வழக்கம்போல் இடப்புறம் திருகினால் இன்னும் இறுகும். பலத்தைக் காட்டினால் தலை வழுக்கி வீணாகிவிடும். பிளேடு எந்தத் திசையில் சுற்றுமோ அந்தத் திசையில் திருகினால் கழலும் என்று நினைவில் வைத்தால் குழப்பமில்லை. வாள் ஓடும்போது போல்ட் தானாகக் கழன்றுவிடக் கூடாது என்பதற்காகவே மரையை இப்படி மாற்றி வைத்திருக்கிறார்கள்.

பழைய பிளேடு வெளியே வந்ததும் அதன் இரு பக்கத்து வாஷர்களையும் தண்டையும் துணியால் துடைக்க வேண்டும். வாஷருக்கும் பிளேடுக்கும் நடுவே ஒரு சிட்டிகை மரத்தூள் இருந்தாலும் பிளேடு ஆடும். ஆடும் பிளேடில் எந்தக் கோணம் வைத்தும் பயனில்லை.

புதிய பிளேடில் ஓர் அம்புக்குறி இருக்கும். மூடியின் மேலும் ஓர் அம்புக்குறி இருக்கும். இரண்டும் ஒரே திசையைக் காட்ட வேண்டும். முன்னால் நின்று பார்ப்பவரின் பக்கம் உள்ள பற்கள் கீழ்நோக்கி இருந்தால் சரி. அப்போதுதான் பல் மரத்தைத் தட்டோடும் பின்தடுப்போடும் சேர்த்து அழுத்தும். போல்ட்டை இயந்திரத்தோடு வந்த சாவியால் மட்டும் இறுக்க வேண்டும். நீளக் குழாய் மாட்டி முறுக்கத் தேவையில்லை.

பேட்டரி போடும் முன் ஒரு வெறும் ஓட்டம் பார்க்க வேண்டும். பிளேடைக் கையால் ஒரு சுற்று விட்டு எங்கேயும் உரசவில்லை என்று பார்ப்பது, தலையைக் கீழே இறக்கி ஏற்றி, கீழ் மூடி தானாக விலகித் தானாக வந்து மூடுகிறதா என்று பார்ப்பது, சாவியை எடுத்து வைப்பது. பிறகு பேட்டரியைச் செருகி, பிளேடின் நேர்கோட்டில் நிற்காமல் சற்று ஒதுங்கி நின்று, மரம் வைக்காமல் அரை நிமிடம் ஓட விட வேண்டும். அதிர்வோ புதுச் சத்தமோ இருந்தால் உடனே நிறுத்திவிட்டு முதலிலிருந்து பார்க்க வேண்டும்.

அந்தக் கீழ் மூடி வெட்டுக்கோட்டை மறைக்கிறது என்று கம்பி போட்டுத் தூக்கிக் கட்டுகிறவர்கள் உண்டு. கதிரடிக்கும் இயந்திரங்களில் உழவர்களின் கைகள் போய்க்கொண்டிருந்ததால்தான் கிராமப்புற இயந்திரங்களுக்கென்று 1983-ல் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. மூடி என்பது கம்பெனிக்காரர் அழகுக்கு வைத்தது அல்ல. தூசி அடைத்து மூடி மெதுவாக வந்தால் பிரஷ்ஷால் துடைத்தாலே சரியாகிவிடும்.

கோணம்: எண்ணை நம்பாமல் மட்டத்தை நம்புங்கள்

இந்த வாளில் இரண்டு கோணங்கள் உண்டு. ஒன்று, கீழ்த்தட்டை இடம் வலமாகத் திருப்புவது. மற்றொன்று, தலையைப் பக்கவாட்டில் சாய்ப்பது. கொட்டகை வேலையில் முதலாவதே பத்துக்கு ஒன்பது முறை தேவைப்படும். தட்டு 15, 22.5, 45 போன்ற இடங்களில் ‘டக்’ என்று விழுந்து நிற்கும்படி பள்ளம் வைத்திருப்பார்கள்.

முதல் குழப்பம் எண்ணில்தான். ஆசாரி 90 என்று சொல்வதை இந்த இயந்திரம் 0 என்று காட்டும். நேர் வெட்டு 0. அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதுதான் அளவுகோலில் உள்ள எண். மரத்தின் நுனி 60 டிகிரி கூர்மையாக வேண்டுமானால் 90-லிருந்து 60-ஐக் கழித்து 30-ல் வைக்க வேண்டும். 60-ஐத் தேடினால் பல இயந்திரங்களில் அந்த எண்ணே இருக்காது.

அடுத்தது, அளவுகோலில் 0 என்று காட்டுவதாலேயே வெட்டு நேராக இருக்கும் என்று பொருளில்லை. கடையிலிருந்து ஆட்டோவில் குலுங்கி வந்த இயந்திரம், வண்டியில் வைத்துத் தோப்புக்கும் வீட்டுக்கும் தூக்கிப்போகும் இயந்திரம், கொஞ்சம் நகர்ந்தே இருக்கும். சரிபார்க்க வேண்டியது ஒரு நல்ல மூலைமட்டத்தால். பேட்டரியைக் கழற்றி, தலையைக் கீழே இறக்கிப் பூட்டி, மூலைமட்டத்தின் ஒரு பக்கத்தைப் பின்தடுப்பிலும் மறுபக்கத்தை பிளேடின் தகட்டிலும் ஒட்டி வைக்க வேண்டும். பல்லின்மேல் மட்டத்தை வைக்கக்கூடாது. பல் தகட்டைவிடச் சற்று வெளியே நீட்டியிருக்கும், தவறான அளவு வரும். நடுவே வெளிச்சம் தெரிந்தால் பின்தடுப்பின் போல்ட்டுகளைத் தளர்த்தி, மட்டத்தோடு சேரும்வரை நகர்த்தி, இறுக்க வேண்டும். அதேபோல் மட்டத்தைத் தட்டின்மேல் நிற்க வைத்து தலை நேராக நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அது விலகியிருந்தால் பின்புறம் சாய்வை நிறுத்தும் சிறு ஸ்குரூவில் சரிசெய்யலாம். கடைசியில் காட்டும் முள்ளை 0-க்கு நகர்த்திவிட்டால் வேலை முடிந்தது.

மூலைமட்டமே சரியானதா என்ற சந்தேகம் வந்தால் இன்னொரு வழி இருக்கிறது. ஒரு சாண் அகலமோ நாலு அங்குலமோ உள்ள நேரான பலகையை 0-ல் வைத்து நடுவில் வெட்ட வேண்டும். இரண்டு துண்டில் ஒன்றை மட்டும் குப்புறக் கவிழ்த்து, இரண்டையும் பின்தடுப்பில் சாய்த்து வெட்டுமுகங்களை ஒட்ட வைத்தால் உண்மை தெரிந்துவிடும். மேலிருந்து பார்க்கும்போது இடைவெளி ஆப்பு போலத் தெரிந்தால் தட்டின் கோணம் தவறு. முன்னாலிருந்து பார்க்கும்போது ஆப்பு தெரிந்தால் தலைச் சாய்வு தவறு. இந்தச் சோதனை தவறை இரண்டு மடங்காக்கிக் காட்டும்: 10 சென்டிமீட்டர் அகலப் பலகையில் 1 டிகிரி தவறு 3.5 மில்லிமீட்டர் இடைவெளியாகத் தெரியும். கண்ணாடி போட்டுத் தேட வேண்டியதில்லை.

அரை டிகிரிக்கு இவ்வளவு மெனக்கெடணுமா என்று கேட்கலாம். நான்கு மூலையும் 45 டிகிரியில் சேரும் ஒரு சட்டத்துக்கு எட்டு வெட்டு. ஒவ்வொன்றிலும் அரை டிகிரி தவறினால் கடைசி மூலையில் 4 டிகிரி வாய் பிளந்து நிற்கும். ஆணி அடித்து இழுத்துச் சேர்த்தால் சட்டம் முறுக்கிக்கொள்ளும். தேனீப்பெட்டி செய்கிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். தேனீக்கள் நடமாட விட்டுவைக்கும் சந்து சுமார் 7 முதல் 9 மில்லிமீட்டர்தான். அமெரிக்கரான லாங்ஸ்ட்ராத் 1851-ல் இதைக் கண்டறிந்த பிறகே கழற்றி மாட்டும் சட்டப் பெட்டி உருவானது. பெட்டி கோணலாகி அந்தச் சந்து குறுகினால் தேனீ மெழுகுப் பிசினால் அடைத்துவிடும். அகன்றால் அங்கேயும் அடை கட்டிவிடும். இரண்டிலும் சட்டத்தைத் தூக்கமுடியாது.

கொட்டகைக்குத் தேவையான கோணக் கணக்கு எளிது. எத்தனை பக்கமோ அந்த எண்ணால் 180-ஐ வகுத்தால் தட்டு வைக்க வேண்டிய கோணம் வரும். நான்கு பக்கச் சட்டத்துக்கு 45. வேப்பமரத்தைச் சுற்றி ஆறு பக்கத் திண்ணை போட 30. எட்டுப் பக்கத்துக்கு 22.5, அந்த இடத்தில் பள்ளம் இருப்பதற்குக் காரணம் இதுதான். கூரைக் கைமரம் மூன்றடி ஓடி ஓரடி ஏறினால் அதன் சாய்வு சுமார் 18.5 டிகிரி, இரண்டடிக்கு ஓரடி ஏறினால் சுமார் 26.5. கைமரத்தின் தலை சுவரோடு செங்குத்தாக ஒட்ட அந்த எண்ணில் வைத்து வெட்டினால் போதும். எப்போதும் முதலில் வீணான கட்டையில் ஒரு வெட்டு வெட்டிப் பார்த்து, பிறகுதான் நல்ல மரம். சட்டம் சேர்த்தபின் இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருக்கிறதா என்று நாடா பிடிக்க வேண்டும். கொத்தனார் மூலைக்குப் பிடிக்கும் 3-4-5 கணக்கு இங்கேயும் செல்லும்.

பிளேடு தின்னும் அளவையும் மறக்கக்கூடாது. ஒரு வெட்டுக்கு 2 மில்லிமீட்டர் என்றால் பரணுக்கு 40 ரீப்பர் வெட்டுவதற்குள் 8 சென்டிமீட்டர் மரம் தூளாகியிருக்கும்.

தலையைச் சாய்த்து வெட்டும்போது தனிக் கவனம் வேண்டும். பின்தடுப்பின் மேல்பாகம் நகரக்கூடியதாக இருக்கும். சாய்க்கும் பக்கம் அதை வெளியே தள்ளாவிட்டால் பிளேடு இரும்பை வெட்டும். பேட்டரி இல்லாமல் தலையைச் சாய்த்து, முழுவதும் இறக்கிப் பார்த்து, பிளேடு எதையும் தொடவில்லை என்று தெரிந்தபின் பூட்டை இறுக்கி, அதன்பிறகே பேட்டரி. கிளாம்ப்பும் இந்தச் சாய்வில் இடிக்கலாம். அதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம்.

காலால் மிதித்து அறுக்கும் பழக்கம்

நம் ஊர் மரவேலை தரையில் குந்தி, மரத்தைக் காலால் மிதித்துப் பிடித்து அறுக்கும் வேலை. கைவாளுக்கு அது சரி. அந்தப் பழக்கத்தில் மைட்டர் சாவையும் தரையில் வைத்து, கால்விரலால் மரத்தை அழுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். இயந்திரத்தை இடுப்பு உயரப் பலகையில் போல்ட் போட்டு நிறுத்தி, நின்றுகொண்டுதான் வெட்ட வேண்டும். கயிற்றுக் கட்டில் பலகை ஆகாது.

சவுக்கும் தைலமரக் கம்பும்தான் நம் கொட்டகைகளில் அதிகம். உருண்டைக் கம்புதான் இந்த வாளில் மிக மோசமாக நடந்துகொள்ளும். பல் கடித்த கணத்தில் கம்பு உருண்டு கையை இழுக்கும். கம்பின் இரு பக்கமும் ஆப்புக்கட்டை கொடுத்து, கிளாம்ப்பால் இறுக்கிய பிறகே வெட்டலாம். அந்த வசதி இல்லையென்றால் கைவாளே உத்தமம். பச்சை மரம் பிளேடை இறுக்கிப் பிடிக்கும். பழைய வீட்டுப் பனங்கை, கதவுச் சட்டங்களில் ஆணி புதைந்திருக்கும். ஒரு காந்தத்தை மேலே இழுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். வளைந்த மரத்தின் வெளிவளைவு பின்தடுப்பைத் தொட்டபடி இருக்க வேண்டும். இல்லையென்றால் வெட்டு முடியும்போது மரம் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும். நீள வாக்கில் பிளக்க இந்த இயந்திரம் கிடையாது.

கை பிளேடிலிருந்து ஒரு சாணுக்கு அப்பால் இருக்க வேண்டும். அதற்குள் பிடித்தால்தான் வெட்ட முடியும் என்றால் துண்டு சிறியது, கிளாம்ப் போட வேண்டும். கைகள் குறுக்கே மாறிப் போகக்கூடாது. பிளேடு முழு வேகம் எடுத்த பிறகு இறக்க வேண்டும். வெட்டி முடித்ததும் சுவிட்சை விட்டு, பிளேடு நின்றபின் தலையைத் தூக்க வேண்டும். சுற்றும் பிளேடைத் தூக்கினால் வெட்டிய துண்டைத் தெறிக்கவிடும். நீள மரத்தின் இரு நுனிக்கும் இயந்திரத் தட்டின் உயரத்துக்குச் செங்கல், பலகை கொடுக்கலாம். வீட்டுப் பிள்ளைகளை நுனி பிடிக்கச் சொல்ல வேண்டாம். கனம் தாங்காமல் அவர்கள் லேசாகத் தூக்கினாலும் வெட்டு மூடி பிளேடு உதைக்கும்.

தோளில் துண்டு, அவிழ்த்துவிட்ட வேட்டி நுனி, முந்தானை, மணிக்கட்டுக் கயிறு எதுவும் கூடாது. கண்ணாடி கட்டாயம்.

இத்தனைக்கும் மேல் விரல் துண்டாகிவிட்டால், காயத்தைச் சுத்தத் துணியால் அழுத்திக் கட்டி, கையை உயர்த்திப் பிடித்து 108-ஐ அழைக்க வேண்டும். மஞ்சள்தூளோ காப்பித்தூளோ வைக்கக்கூடாது. துண்டான விரலை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டியும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் வைக்க வேண்டும். பனிக்கட்டி நேராக விரலில் பட்டால் சதை கருகிவிடும். தர்மபுரி, சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் எது என்பதை ஆம்புலன்ஸ் ஊழியரிடம் கேட்டுப் போகலாம். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் கைக்கென்றே தனி அறுவைச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. விரலை விட்டுவிட்டு ஆளை மட்டும் கொண்டுபோவதுதான் இதில் அடிக்கடி நடக்கும் தவறு.

ஒரே ஓர் ஆட்டுக்கொட்டகைக்காக இந்த இயந்திரம் வாங்குவது வீண் செலவு. நாலைந்து வீட்டார் சேர்ந்து வாங்கினால் கட்டுப்படியாகும். ஆனால் கூட்டு இயந்திரத்தில் போன வீட்டுக்காரர் எந்தக் கோணத்தில் விட்டார், தலையைச் சாய்த்தாரா, எந்த பிளேடு மாட்டினார் என்பது அடுத்தவருக்குத் தெரியாது. வாங்கிவந்ததும் அந்தக் கவிழ்ப்புச் சோதனையைச் செய்துவிட்டு வேலையைத் தொடங்கினால் மரம் மிஞ்சும். திருப்பிக் கொடுக்கும்போது தட்டை 0-க்குக் கொண்டுவந்து, தலையை இறக்கிப் பூட்டி, பேட்டரியைத் தனிப் பையில் கொடுப்பது நல்லது. அந்தப் பையில் ஆணி, ஸ்குரூ எதுவும் போடக்கூடாது. முனைகளில் பட்டால் பேட்டரி சூடாகித் தீப்பிடிக்கும். தகரக் கூரை போட்ட மோட்டார் ரூமில் சித்திரை வெயிலில் பேட்டரியை வைக்க வேண்டாம். வேலை முடிந்து சூடாக இருக்கும் பேட்டரியை உடனே சார்ஜில் போடாமல், வீட்டுக்குள் நிழலில் ஆறவிட்டுப் போட வேண்டும், குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில்.